இரட்டைக் கவசம்

நம்மிடம் ஓதிச் சென்ற பிள்ளைகள் இன்று பல தொழில்களில் இருக்கின்றனர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் உண்டு. ராசிபுரத்தில் துணிக்கடை நடத்துபவர் உண்டு. நாமக்கல்லிலிருந்து கேரளத்துக்கு முட்டை ஏற்றி அனுப்புபவர் உண்டு. அவர்களுள் ஒருவர் சங்ககிரியில் இரண்டு லாரிகளுக்கு உடையவர். சென்ற ஆண்டு ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து அமர்ந்தார். ஸலாமும் நலவிசாரிப்பும் முடிந்ததும் சட்டைப் பையிலிருந்த கைப்பேசியை எடுத்து நம் முன் வைத்தார். (இனி எழுதுவதை எல்லாம் அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறோம்.)

“ஹளரத், இதில் பாதுகாப்பு மென்பொருள் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும்படி மகன் சொல்கிறான். வங்கியின் செயலியிலேயே பாதுகாப்பு இருக்கிறது. அதற்கு மேலும் ஒன்று எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. கைப்பொருளைக் காப்பவன் அல்லாஹ் அல்லவா? இப்படிப் பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுவது தவக்குலுக்குக் குறைவாகிவிடாதா?”

மென்பொருளைப் பற்றி மதரஸா ஆசிரியரிடம் கேட்க வந்தாரே என்று நமக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் தவக்குலைப் பற்றிக் கேட்பவருக்கு விடை சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள் அன்றோ?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, கட்டாமலே விட்டுவிட்டு நம்புவதா என்று வினவியவரிடம், முதலில் கட்டுமாறும் பிறகு இறைவனைச் சார்ந்திருக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி திர்மிதீயில் உள்ளது. மீலாது மேடைகளில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிப்போன செய்தி. ஆனால் வந்தவருடைய கேள்வி அதைவிடச் சற்று நுட்பமானது. ஒரு கயிறு கட்டியாயிற்று. இரண்டாவது கயிறும் வேண்டுமா என்பதே அவர் கேட்டது. இதற்கு உஹதுக் களத்தில் விடை இருக்கிறது. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் நடந்த அந்தப் போரில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு கவசத்தின்மேல் மற்றொரு கவசத்தையும் அணிந்து நின்றார்கள் என்பதை அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் காண்கிறோம். தவக்குலில் அவர்களை விஞ்சியவர் யார்? யஃகூப் நபி (அலை) அவர்களும் தம் மக்களை எகிப்துக்கு அனுப்பும்போது அனைவரும் ஒரே வாயிலில் நுழைய வேண்டாமென்று எச்சரித்துவிட்டு, அல்லாஹ்வின் முடிவைத் தம்மால் தடுக்க இயலாது என்பதையும் அதே மூச்சில் சொன்னதை ஸூரத்து யூஸுஃபில் ஓதுகிறோம். முன்னெச்சரிக்கையும் தவக்குலும் ஒரே நாவிலிருந்து ஒரே வேளையில் வந்தன. எனவே இரண்டாவது கவசம் ஈமானுக்குக் குறைவாகாது, தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றோம்.

நிற்க. கவசம் ஆகுமென்றால் எந்தக் கவசமும் ஆகுமென்று பொருளன்று. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த இறைவன், கவசம் செய்யப் பணித்ததோடு அதன் வளையங்களை அளவறிந்து கோக்கவும் பணித்ததாக ஸூரத்து ஸபஃ கூறுகிறது. இந்த மென்பொருள் கவசங்களின் அளவைப் பற்றி அன்றிரவு நமக்கு அதிகம் தெரியாது. பின்னர்ப் படித்தும், கணினிப் பொறியியல் கற்ற நம் தங்கை மகனிடம் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டுத் தருகிறோம்.

இப்படி ஒன்றைக் கூடுதலாகப் போடும் வழக்கம் புதிதன்று. இங்கிலாந்தில் சில பெரிய வங்கிகள் ‘ட்ரஸ்டீர் ராப்போர்ட்’ என்னும் மென்பொருளைத் தம் வாடிக்கையாளர்களுக்கு விலையின்றிக் கொடுத்துக் கணினியில் நிறுவிக்கொள்ளச் சொல்லி வந்தன. அதைச் செய்த நிறுவனத்தை 2013இல் ஐபிஎம் வாங்கியது. கணினியின் வேகம் குறைகிறதென்று சலித்துக் கழற்றி எறிந்தோரும் அங்கே உண்டு. நம் நாட்டில் நடுவணரசு 2017 பிப்ரவரியில் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’வைத் தொடங்கியபோது, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘எம்-கவச்’ என்னும் கைப்பேசிச் செயலியும் உடன் வந்தது. கவச் என்றால் கவசந்தான்! இவையன்றி ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ‘பிளே புரொடெக்ட்’ என்னும் காவல் பெரும்பாலும் முன்பே பொருத்தப்பட்டிருக்கிறது. அதை அணைத்து வைக்காமலிருந்தால் போதும்.

இக்காவல்கள் வேலை செய்யும் முறை நம் ஊர்க் காவல் நிலையத்துப் பலகையில் திருடர்களின் படங்களை ஒட்டி வைப்பதைப் போன்றது. படத்தில் இருப்பவன் வந்தால் பிடிபடுவான். நேற்றுத்தான் தொழிலுக்கு வந்தவன் கும்பலோடு கும்பலாக நடந்து போய்விடுவான். நல்ல மென்பொருள்கள் முகத்தை மட்டுமின்றி நடத்தையையும் பார்க்கின்றன. அப்படியும் தப்பிப்போவோர் உண்டு. மோசமானவை எதையும் பார்ப்பதில்லை. ஆஸ்திரியா நாட்டு இன்ஸ்புரூக்கிலுள்ள ‘ஏவி-கம்பாரட்டிவ்ஸ்’ என்னும் நிறுவனம் 2019இல் ஆண்ட்ராய்டுக்கான 250 பாதுகாப்புச் செயலிகளைச் சோதித்தது. தீய செயலிகளில் நூற்றுக்கு 30க்கு மேல் கண்டுபிடித்து, நல்லவற்றின்மேல் வீண்பழி சுமத்தாமலும் இருந்தவை 80 மட்டுமே. எஞ்சியவற்றுள் சில தம்மைத் தாமே திருடன் என்று காட்டிக்கொடுத்தனவாம்! அவற்றின் நேர்மையை மெச்சலாம்; காவலுக்கு வைக்க இயலாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காவல்காரன் வீட்டின் எல்லா அறைகளையும் பார்க்க வேண்டியவன். எனவே எல்லாச் சாவிகளையும் அவனிடம் கொடுக்கிறோம். அவன் யாரென்று தெரியாமல் கொடுத்தால்? உஹதுக் களத்தில் பெருமானார் (ஸல்) அவர்களின் தலைக்கவசத்து வளையங்கள் இரண்டு, விழுந்த அடியினால் அவர்களுடைய கன்னத்திலேயே பதிந்துவிட்டன. அபூஉபைதா (ரலி) அவர்கள் அவற்றைத் தம் பற்களால் கடித்து இழுத்து, அதில் தம் முன்பற்களை இழந்தார்கள். காக்க அணிந்ததும் சில வேளை காயம் செய்துவிடுகிறது. தொலைவிலிருந்தே பிறருடைய கைப்பேசியை இயக்க உதவும் ‘எனிடெஸ்க்’ என்னும் செயலி நல்ல வேலைகளுக்காக உண்டாக்கப்பட்டது. அதை மக்களின் கைப்பேசிகளில் நிறுவச் செய்து கணக்குகளைத் துடைத்தெடுக்கும் மோசடி பெருகவே, 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரிக்கை விட நேர்ந்தது. ‘உங்கள் பாதுகாப்புக்காக’ என்று சொல்லித்தான் பலரிடமும் இப்படிப்பட்டவை நுழைகின்றன.

இத்தனையும் பின்னால் அறிந்தவை. அன்றிரவு நாம் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகும் வந்தவர் எழவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. வேறு ஏதோ நெஞ்சில் இருக்கிறது என்று கண்டு நாமும் பேசாதிருந்தோம். பிறகு அவராகவே சொன்னார்.

இரண்டு மாதங்களுக்கு முன் அவருடைய வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. லாரியின் எண்ணைச் சரியாகக் குறிப்பிட்டு, போக்குவரத்து விதியை மீறியதற்கு அபராதம் விதிக்கப்பட்டிருக்கிறது, சான்றைக் காண இதை நிறுவுக என்று ஓர் ஏபிகே கோப்பு. லாரி வைத்திருப்பவருக்கு அபராதச் சீட்டு மாதந்தோறும் வரும் விருந்தாளி. ஐயம் எங்கே எழும்? விரலை வைத்தார். அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். (வியட்நாமிலிருந்து இயங்கும் கூட்டம் ஒன்று இந்திய வாகனக்காரர்களிடம் இதே சூழ்ச்சியைச் செய்து வருவதை 2024இல் கிளவுட்செக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. மெய்யான அபராத அறிவிப்பு எந்தச் செயலியையும் நிறுவச் சொல்வதில்லை.) அன்று நள்ளிரவில் வங்கி அனுப்பிய மறைக்குறிகள் அவர் கண்ணுக்கு எட்டும் முன்பே திருடர்களுக்கு எட்டின. மூன்று தவணையாக 1,40,000 ரூபாய் போயிற்று. விடிந்து பார்த்ததும் 1930 என்ற எண்ணுக்குப் பேசினார், வங்கிக்கும் ஓடினார். அதற்குள் பணம் பல கணக்குகளைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. இவரைப் போல் இழந்தோர் எத்தனை பேர்! 2024ஆம் ஆண்டில் மட்டும் இணைய மோசடிகளில் நம் நாட்டு மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது.

“வங்கியில் என்ன சொல்கிறார்கள்?” என்றோம்.

“நானே நிறுவினேனாம்; நானே அனுமதி கொடுத்தேனாம். கவனக்குறைவு என்று கையை விரித்துவிட்டார்கள்.”

வங்கியில் போட்ட பணத்தை மக்கள் பேச்சுவழக்கில் அமானத் என்பர். ஃபிக்ஹின் கண்ணில் அது அமானத் அன்று. கர்ளு, அதாவது கடன். நாம் கொடுத்த அதே நோட்டுகளை வங்கி முடிந்து வைப்பதில்லை. எடுத்துப் பயன்படுத்தி, தன் பொறுப்பில் ஈடு தருகிறது. 1848இல் ஃபோலி – ஹில் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வழங்கிய தீர்ப்பும் இதுவே: வங்கி கடனாளி, வாடிக்கையாளர் கடன் கொடுத்தவர். கடனாளியிடமிருந்து திருடன் கொண்டுபோனால் கடன் தீர்ந்துவிடாது. ஆனால் கடன் கொடுத்தவரின் சாவியைக் கொண்டே திருடன் திறந்தால்?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு ஒரு வரையறை செய்தது. வங்கியின் குறையென்றால் வாடிக்கையாளருக்கு நட்டமில்லை. குறை இருவரிடமும் இன்றி வேறெங்கோ இருந்து, அவர் 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அப்போதும் நட்டமில்லை. மறைக்குறியைப் பிறருக்குச் சொன்னது போன்ற அவருடைய கவனக்குறைவே காரணமென்றால், தெரிவிக்கும் வரை போனது அவரைச் சாரும். தெரிவித்த பிறகு போவது வங்கியைச் சாரும். குறை வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை வங்கியின் தலையிலேயே அது வைத்தது. நம் மாணவர் மறைக்குறியை எவரிடமும் சொல்லவில்லை, திருடன் ஒட்டுக்கேட்டான். ஒட்டுக்கேட்பவனை வீட்டுக்குள் விட்டவர் இவர். இது எந்த வகையில் சேரும்? வழக்கறிஞர்கள் இருபக்கமும் பேசலாம். நம் கருத்தில், அபராதச் சீட்டைக் கண்டு அஞ்சிய ஒருவரின் விரலைக் கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமன்று. வங்கி 30 நாட்களில் விடை தராவிட்டாலும், தந்த விடை ஒவ்வாவிட்டாலும், 2021இல் ஏற்பட்ட ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் முறையிட வழியுண்டு, முறையிடுக என்றோம்.

அப்போதும் எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “போனதில் 90,000 என் தங்கையுடையது, ஹளரத்” என்றார்.

தங்கையின் கணவர் வஃபாத்தான பின் வந்த தொகை அது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அண்ணன் கணக்கில் இருக்கட்டும் என்று அந்த அம்மையாரே சொல்லிப் போட்டு வைத்தது. இவரிடம் அது வதீஆ; பேச்சுவழக்கு அமானத் அன்று, மெய்யான அமானத். இப்போது புரிந்தது, கூடுதல் மென்பொருளைப் பற்றிக் கேட்டவர் உண்மையில் எதைக் கேட்க வந்தார் என்று. கவசம் அணிவது கடமையில்லையென்று நாம் சொல்லியிருந்தால், அணியாதது குற்றமில்லை என்றாகும். குற்றமில்லையென்றால் தங்கைக்கு ஈடு தர வேண்டியதில்லை.

அந்தக் கணக்கு முற்றும் தவறன்று. வதீஆவைப் பெற்றவர் வரம்பு மீறாமலும் அசட்டை செய்யாமலும் காத்து, அது அவர் கையை மீறிப் போனால் ஈடு தர வேண்டியதில்லை என்பதே சட்டம். எப்படிக் காக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் ஹிர்ஸு: அந்தந்தப் பொருளை மக்கள் வழக்கமாக எப்படிக் காக்கிறார்களோ அப்படி. ஆட்டுக்குப் பட்டி, தானியத்துக்குக் குதிர், நகைக்கு இரும்புப் பெட்டி. ஆட்டுப்பட்டியில் நகையை வைத்தவர் காத்தவராக மாட்டார். கைப்பேசியிலுள்ள பணத்துக்கு ஹிர்ஸு எது? வழக்கம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. இணையத்தில் அட்டைவழிப் பணம் செலுத்த இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்து கட்டாயமாக்கியது; அதற்குமுன் அது வழக்கமன்று, இன்று அதுவே குறைந்த அளவு. கைப்பேசியின் மென்பொருளைப் புதுப்பித்து வைப்பதும், அறிமுகமற்ற கோப்பை நிறுவாதிருப்பதும் இன்று ஓரளவு வழக்கமாகிவிட்டன. கூடுதல் பாதுகாப்புச் செயலி இன்னும் எல்லோருக்கும் வழக்கமாகவில்லை. தன் பணம் மட்டும் வைத்திருப்பவர் அதை விட்டாலும் அவர் பாடு. பிறர் பணம் வைத்திருப்பவர் ஒருபடி கூடுதலாகவே காக்க வேண்டும் என்பது நம் எண்ணம். ஆனால் அது இல்லாத ஒன்றை மட்டும் வைத்து அவர்மேல் 90,000 ரூபாயைச் சுமத்த நமக்குத் துணிவில்லை.

ஆகையால் வேறொன்றைக் கேட்டோம்: “தம்பி, தங்கையின் பணத்திலிருந்து இடையில் எடுத்ததுண்டா?”

நெடுநேரம் விடையில்லை. “ஒரு முறை. டயர் வாங்க 20,000. லாரி வாடகை வந்ததும் பத்தாம் நாளே வைத்துவிட்டேன். தங்கைக்குச் சொல்லவில்லை.”

குதூரியில் இந்த மஸ்அலா இருக்கிறது. ஹிதாயா அதை விரிக்கிறது. அமானத்தில் ஒரு பகுதியைச் செலவழித்துவிட்டு, அதற்கு ஈடானதைக் கொண்டுவந்து எஞ்சியதோடு கலந்தவர் முழுவதற்கும் பொறுப்பாளி. எடுத்த 20,000க்கு மட்டுமன்று, முழுவதற்கும். இந்தப் பாடத்தை அவருக்குப் பதினேழு வயதில் நாமே நடத்தியிருக்கிறோம். கணக்கில் சேர்த்து வைக்கத் தங்கை இசைந்தார். எடுத்துச் செலவழிக்க இசையவில்லை. அபராதச் செய்தி வருவதற்கு எத்தனையோ நாள் முன்பே, டயர் வாங்கிய அன்றே, அந்தப் பணம் அமானத்தாக இருப்பதை விட்டுவிட்டது. வங்கியோடு அவருக்குள்ள வழக்கு வேறு. தங்கையோடுள்ள கணக்கு அன்றே முடிந்துவிட்டது.

சொல்லும்போது நம் நா எளிதாகப் புரளவில்லை. அவர் அழுதார். பிறகு, “எனக்கும் அது நினைவில் இருந்தது, ஹளரத். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று எண்ணினேன்” என்றார்.

உஹதில் மலைக் கணவாயைக் காக்க அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) தலைமையில் 50 வில்லாளர்கள் நிறுத்தப்பட்டார்கள். எது நேர்ந்தாலும் இடம்பெயர வேண்டாம் என்பது கட்டளை. வெற்றி தெரிந்தது; களத்தில் பொருள்கள் சிதறிக் கிடந்தன; சிறிது நேரந்தானே என்று பலர் இறங்கிப் போனார்கள். எதிரியின் குதிரைப்படை வந்தது அந்த வழியாகத்தான். பெருமானார் அவர்கள் அணிந்திருந்த இரண்டு கவசங்களும் அந்நேரம் அவர்கள் மேனியில்தான் இருந்தன.

அவர் போன பின்பு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் மக்தபின் சுவரில் பணம் செலுத்தும் கட்டக்குறி அட்டை ஒன்று தொங்குகிறது. பிள்ளைகளின் மாதக் கட்டணமும், ஏழைப் பிள்ளைகளின் சீருடைக்கென்று நல்லோர் தரும் ஸதகாவும் அதன் வழியாக வரும். அந்த அட்டை யார் பெயரில் இருக்கிறது? நம் பெயரில். எந்தக் கணக்கில் விழுகிறது? நம் சம்பளம் விழும் கணக்கில். முன்னாளில் நம் பள்ளிவாசல் பெட்டிக்கு மூன்று பூட்டுகள் இருந்தன. மூன்று சாவிகள் மூவரிடம் இருந்தன. மூவரும் கூடினாலொழிய திறக்காது. அந்தப் பெட்டியைப் பழமை என்று மூலையில் தள்ளிவிட்டு, ஒரு விரலால் திறக்கும் பெட்டியை நாம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். சென்ற ரமளானில் மனைவிக்கு மருந்து வாங்கியபோது கணக்கில் நம் பணம் எவ்வளவு இருந்தது, பிள்ளைகளின் பணம் எவ்வளவு இருந்தது என்று நாம் பார்த்தோமா? பார்க்கவில்லை. சம்பளம் வந்ததும் சரியாகிவிட்டிருக்கும் என்றே இருந்துவிட்டோம்.

மறுநாள் ஜமாஅத் நிர்வாகிகளிடம் இதைச் சொன்னோம். ஒருவர், “ஹளரத்தை யார் சந்தேகப்படுகிறார்கள்?” என்று மனம் வருந்தினார். இரண்டு ஆண்டுக் கணக்கை எடுத்து உட்கார்ந்தபோது 3,400 ரூபாய்க்கு நம்மால் விளக்கம் தர இயலவில்லை; அதைச் செலுத்தினோம். மக்தபின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, இருவர் கையெழுத்தின்றிப் பணம் எடுக்க இயலாதபடி செய்தோம். பணம் எடுக்கும் வசதி எந்தக் கைப்பேசியிலும் இணைக்கப்படவில்லை. அட்டையும் மாற்றப்பட்டது. நம் சொந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய தொகையைக் குறைத்து வைத்தோம். தங்கை மகன் தெரிந்தெடுத்துக் கொடுத்த பாதுகாப்புச் செயலி ஒன்றையும் நிறுவிக்கொண்டோம். கைப்பேசி சற்று மெதுவாகத்தான் நடக்கிறது. நமக்கும் வயதாகிறது, இருவரும் சேர்ந்து நடக்கிறோம்.

சங்ககிரி மாணவர் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் வந்திருந்தார். குறைதீர்ப்பாளரிடம் முறையீடு நிலுவையில் இருக்கிறதாம். தங்கையிடம் டயர்க் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அந்த அம்மையார் பாதியை விட்டுக்கொடுக்க முன்வந்தும் இவர் ஏற்கவில்லை. மாதம் 10,000 வீதம் நான்கு தவணை கொடுத்தாயிற்று, தங்கையின் பெயரிலுள்ள கணக்கிலேயே. புறப்படும்போது கைப்பேசியை எடுத்து நீட்டினார்.

“மகன் அந்தப் பாதுகாப்புச் செயலியைப் போட்டுவிட்டான், ஹளரத். இப்போது அது என் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?”

திண்ணையில் இருந்தபடியே தங்கை மகனுக்குத் தொலைபேசி செய்தோம்.